ப்ராம் கவுன் தரும் உதவி அமைப்புகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொங்கல் முடிந்து பிப்ரவரி பிறந்தால் போதும், இங்கே நம் வாட்ஸ்அப் குழுக்களில் இந்தக் கேள்விகள் வர ஆரம்பித்துவிடும். மகளுக்கு உடை வேண்டும் என்று சிலர், அலமாரியில் சும்மா தொங்கும் கவுனை யாருக்காவது கொடுக்கலாம் என்று சிலர், "இதெல்லாம் ஒரு தர்மமா" என்று கேட்பதற்காகவே சிலர். ப்ராம் நடனத்துக்கு கவுன் வாங்க முடியாத பெண்களுக்கு, மற்றவர்கள் கொடுத்த கவுன்களை இலவசமாகவோ குறைந்த விலைக்கோ தரும் அமைப்புகள் அமெரிக்காவில் உண்டு, நான் நியூ ஜெர்சியில் அப்படியொரு சின்ன அமைப்பில் சில வருடங்களாகத் தன்னார்வலராக இருக்கிறேன். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் போடுவதற்குப் பதிலாக எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவிட்டேன். ஊருக்கு ஊர் விதி மாறும், அதனால் கிளம்புவதற்கு முன் உங்கள் ஊர் அமைப்பிடம் ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள்.

ப்ராம் என்றால் என்ன? பள்ளி ஆண்டு விழா மாதிரியா?

இல்லை. அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் 11, 12ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்காக நடக்கிற நடன விருந்து. ஏப்ரலிலிருந்து ஜூனுக்குள், பெரும்பாலும் ஒரு வெள்ளி அல்லது சனிக்கிழமை இரவு. சொற்பொழிவு, பரிசளிப்பு எதுவும் கிடையாது. சாப்பாடு, டீஜே, போட்டோ, ஆட்டம், அவ்வளவுதான். பள்ளி ஜிம்மிலேயே நடத்துவார்கள், ஓட்டலில் ஹால் எடுத்தும் நடத்துவார்கள். பெண்களில் நிறைய பேர் தரையைத் தொடும் கவுன் போடுவார்கள், பையன்கள் டக்சிடோ (பௌ டை கட்டும் விருந்து சூட்) அல்லது சாதாரண சூட். பள்ளிப் படிப்பு முடிகிற நேரத்தில் வருவதால் பிள்ளைகளுக்கு இது பெரிய விஷயம். நாம் அதை அனுபவித்ததில்லை என்பதற்காக அது சின்ன விஷயமாகிவிடாது.

ஒரு ராத்திரிக்கு அப்படி என்ன செலவு?

கவுன் மட்டும் என்றால் 100 டாலருக்குள்ளும் கடையில் கிடைக்கும், ஷெர்ரி ஹில், ஜோவானி மாதிரி பெயர் பெற்ற பிராண்டுகளுக்குப் போனால் 500, 600ஐத் தாண்டும். ஆனால் கவுனோடு நிற்பதில்லையே. ஆல்டரேஷன், செருப்பு, தலை அலங்காரம், மேக்கப், மணிக்கட்டில் கட்டும் பூ, நுழைவுச் சீட்டு, தோழிகள் சேர்ந்து எடுக்கிற லிமோ (நீளமான வாடகைக் கார்) என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். விசா கிரெடிட் கார்டு நிறுவனம் 2015இல் எடுத்த கணக்கெடுப்பில் ஒரு குடும்பத்தின் சராசரி ப்ராம் செலவு 919 டாலர் என்று வந்தது. அதில் 324 டாலர், "என்னோடு ப்ராமுக்கு வருகிறாயா" என்று கேட்பதற்காகச் செய்யும் தடபுடலுக்கு மட்டும்!

அதே கணக்கெடுப்பில் இன்னொன்றும் இருந்தது. வருமானம் குறைந்த குடும்பங்கள் சராசரியைவிட அதிகமாகச் செலவழித்தன. இதைச் சொன்னதும் "இல்லாதவங்களுக்கு எதுக்கு இந்த ஆடம்பரம்" என்பார்கள். எனக்கு அதில் ஆடம்பரம் தெரியவில்லை. நாலு பேர் நடுவில் பிள்ளை கூனிக்குறுகி நிற்கக்கூடாது என்று கிரெடிட் கார்டைத் தேய்க்கிற அப்பா அம்மாதான் தெரிகிறார்கள். அந்தக் கடன் இல்லாமலேயே அதே கவுன் அவளுக்குக் கிடைக்க வேண்டும், நாங்கள் செய்வது அவ்வளவுதான்.

இதை யார் ஆரம்பித்தார்கள்?

ஒருவர் என்று சொல்ல முடியாது, ஏறக்குறைய ஒரே காலத்தில் பல ஊர்களில் முளைத்தது. சிகாகோவில் கிளாஸ் ஸ்லிப்பர் ப்ராஜெக்ட் 1999இல் தொடங்கியது. சான் பிரான்சிஸ்கோவில் பிரின்சஸ் ப்ராஜெக்ட் 2002இல். நியூயார்க்கில் ஆபரேஷன் ப்ராம் 2005இல், அவர்கள் பையன்களுக்கு டக்சிடோவும் தருகிறார்கள்.

பெக்காஸ் கிளாசெட்டின் கதை தனி. தெற்கு புளோரிடாவில் ரெபெக்கா கர்ட்மன் என்ற பள்ளி மாணவி, கவுன் வாங்க முடியாமல் ப்ராமுக்கே போகாமல் இருக்கும் பெண்களுக்காக 2003இல் தானே கவுன் சேகரிக்க ஆரம்பித்தார், 250க்கும் மேல் சேர்ந்துவிட்டது. அதே வருடம் ஆகஸ்டில் ஒரு கார் விபத்தில் இறந்துபோனார். வயது 16. பெற்றோரும் நண்பர்களும் அதை விடவில்லை. இன்று பல மாநிலங்களில் கிளைகள் இருக்கின்றன, பள்ளி மாணவிகளே நடத்துகிற கிளைகளும் உண்டு.

இப்படிப் பெயர் தெரிந்தவை கொஞ்சம்தான். சர்ச் அடித்தளத்தில், நூலகத்தில், பள்ளியில் காலியாகக் கிடக்கும் ஒரு வகுப்பறையில் நடப்பவை எத்தனையோ. எனக்கு ஒரு சின்னக் குறை உண்டு. பாதி அமைப்புகளின் பெயர் சிண்டரெல்லா கதையிலிருந்து எடுத்ததாக இருக்கும். தேவதை மந்திரக்கோலோடு வந்து ஏழைப் பெண்ணைக் காப்பாற்றுகிற தொனி எனக்கு ஒட்டவே ஒட்டாது. வருகிற பெண் தனக்குப் பிடித்ததை எடுத்துக்கொண்டு போக வேண்டும், கடைக்குப் போனால் எப்படியோ அப்படி.

யாரெல்லாம் போகலாம்? சம்பளச் சீட்டு காட்டணுமா?

பெரும்பாலான இடங்களில் பள்ளி அடையாள அட்டை போதும். சில இடங்களில் கவுன்சிலர் (பள்ளியில் மாணவர்களுக்கு ஆலோசனை சொல்பவர்), சமூகப் பணியாளர், ஆசிரியர் யாராவது ஒருவரிடமிருந்து ஒரு கடிதமோ மின்னஞ்சலோ கேட்பார்கள். வருமானச் சான்று கேட்கிற இடங்களும் உண்டு. அங்கே பள்ளியில் இலவச மதிய உணவுக்குத் தகுதி பெற்றிருந்தால் அதையே சான்றாக எடுத்துக்கொள்வது வழக்கம். எங்கள் அமைப்பில் எதுவும் கேட்பதில்லை. கேட்டால், தேவை இருக்கிறவள்தான் முதலில் பின்வாங்குவாள்.

விசா என்ன, கிரீன் கார்டு இருக்கிறதா என்று யாரும் கேட்க மாட்டார்கள். வளர்ப்பு இல்லங்களில் இருக்கும் பிள்ளைகள், வீடில்லாமல் விடுதியில் தங்கியிருக்கும் குடும்பத்துப் பிள்ளைகள் என்றால் ஊர்ப் பள்ளிகளை நிர்வகிக்கும் பள்ளி மாவட்டத்தில் அதற்கென்றே ஒரு தொடர்பு அலுவலர் இருப்பார். அவரிடம் சொன்னால் உடைக்கு வழி செய்வதோடு நுழைவுச் சீட்டுக் கட்டணத்துக்கும் ஏதாவது செய்யப் பார்ப்பார். பலருக்கு இப்படி ஒருவர் இருப்பதே தெரியாது.

நாங்கள் ஓரளவு வசதிதான். ஒரு ராத்திரிக்கு 400 டாலர் கொடுக்க மனசு வரவில்லை. போகலாமா?

விற்பனை முறையில் நடக்கிற இடத்துக்குத் தாராளமாகப் போங்கள். 20, 30 டாலர் கொடுத்து வாங்குங்கள், முடிந்தால் கூடவே கொஞ்சம் நன்கொடையும் போடுங்கள். முழுக்க இலவசமாகத் தரும் இடம் என்றால் சீசனின் கடைசி நாட்களில் போவது மரியாதை. அதற்குள் தேவை இருந்தவர்கள் எடுத்துப் போயிருப்பார்கள்.

இலவசம் சரியா, கொஞ்சம் பணம் வாங்குவது சரியா?

எங்களுக்குள்ளேயே தீராத சண்டை இது. பணம் வாங்குகிறவர்கள் சொல்வது: ஹால் வாடகை, காப்பீடு, டிரைகிளீனிங் எல்லாவற்றுக்கும் காசு வேண்டும், அப்புறம் 15 டாலர் கொடுத்து வாங்குகிற பெண் "வாங்கினேன்" என்று சொல்லிக்கொள்ளலாம். இலவசம் என்பவர்கள் சொல்வது: அந்த 15 டாலரே இல்லாத வீடும் இருக்கிறது, அந்த வீட்டுப் பெண்தான் வாசலோடு திரும்பிப் போவாள்.

இரண்டிலும் நியாயம் இருக்கிறது. எங்களிடம் விலை அட்டை இருக்கும், பணப்பெட்டி ஒரு ஓரத்தில் மூடியபடி இருக்கும், போடுகிறவர்கள் போடலாம். யார் போட்டார்கள், எவ்வளவு போட்டார்கள் என்று யாரும் பார்ப்பதில்லை. கணக்கு எழுதுகிறவருக்கு இது தலைவலி. மற்றபடி ஓடுகிறது.

அங்கே போனால் என்ன நடக்கும்?

பெரிய ஹால், அதில் வரிசை வரிசையாகக் கம்பிகளில் கவுன்கள் தொங்கும். முதலில் அளவுவாரியாகப் பிரித்திருப்பார்கள், அதற்குள் நிறவாரியாக. வாசலில் பெயரைப் பதிந்ததும் ஒரு தன்னார்வலர் உங்கள் மகளோடு வருவார். கடை விற்பனையாளர் மாதிரிதான், ஆனால் எதையும் தள்ளிவிடுகிற அவசரம் அவருக்கு இருக்காது. எந்த நிறம் பிடிக்கும், கை வேண்டுமா, நீளமா குட்டையா என்று கேட்டு ஐந்தாறு கவுன்களை எடுத்து உடை மாற்றும் அறைக்குக் கொண்டு வருவார். போட்டுப் பார்த்துப் பிடிக்கவில்லை என்றால் இன்னும் நாலு. ஒரு மணி நேரம் ஆகலாம், சில இடங்களில் நேரக் கட்டுப்பாடும் உண்டு. கவுன் முடிவானதும் செருப்பு, கைப்பை, தோடு, மாலை வைத்திருக்கும் மேசை. அதையும் முடித்தால் தையல்காரர் மூலை, அது இல்லாத இடங்களும் நிறைய.

அம்மாக்களுக்கு ஒரு வேண்டுகோள். மாற்றும் அறைக்கு வெளியே நாற்காலி போட்டிருப்போம், அங்கே உட்காருங்கள். நாங்கள் பார்த்தவரை, மகள் கறுப்பு கவுன் எடுத்தால் "நல்ல நாளும் அதுவுமா கறுப்பா" என்று முதல் குரல் வருவது நம் ஊர் அம்மாக்களிடமிருந்துதான். கறுப்புதான் இங்கே அதிகம் போகிற நிறங்களில் ஒன்று. விட்டுவிடுங்கள்.

எப்போது போகணும்?

பெரும்பாலும் பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் வரை. சில அமைப்புகள் ஒரே ஒரு வார இறுதியில் முழுவதையும் முடித்துவிடும், அதைத் தவறவிட்டால் அடுத்த வருடம்தான். முன்பதிவு இருந்தால் செய்துவிடுங்கள். முதல் நாள் காலையில் வகை நிறைய இருக்கும், கூட்டமும் இருக்கும்.

என்ன எடுத்துக்கொண்டு போகணும்?

பள்ளி அடையாள அட்டை. அன்று இரவு போடப்போகும் செருப்பு, இல்லாவிட்டால் அதே உயரக் குதிகால் உள்ள ஒன்று. கவுனின் நீளத்தை அந்த உயரத்தில் நின்றால்தான் பார்க்க முடியும். தோல் நிறத்தை ஒட்டிய, பட்டை இல்லாத உள்ளாடை. தலைமுடியைக் கட்ட ஒரு ரப்பர் பேண்ட். மேக்கப் போட்டுக்கொண்டு வராதீர்கள், வெள்ளைக் கவுனின் கழுத்தில் ஃபவுண்டேஷன் ஒட்டினால் அடுத்த பெண்ணுக்கு அந்தக் கவுன் இல்லை. பள்ளியின் உடை விதிகளையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள், வயிறு தெரிகிற இரண்டு துண்டு உடை, தொடை வரை வெட்டிய கவுன் இதையெல்லாம் அனுமதிக்காத பள்ளிகள் இருக்கின்றன.

மகள் ஜீன்ஸில் 6 போடுகிறாள். கவுனிலும் 6தானே?

பெரும்பாலும் இல்லை. விழா உடைகளின் அளவு சாதாரண உடையைவிடச் சிறியதாகத்தான் வரும். ஜீன்ஸில் 6 என்றால் கவுனில் 8, 10 கூட ஆகலாம். "குண்டாகிவிட்டேனா" என்று பிள்ளைகள் முகம் வாடிப்போகிற இடம் இது, அதனால் போவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். மார்பு, இடுப்பு, இடுப்புக்குக் கீழே அகலமான பகுதி மூன்றையும் டேப்பால் அளந்து எழுதிக்கொண்டு போனால் நேரம் மிச்சம்.

பெரிய அளவுகள் கிடைக்குமா?

உண்மையைச் சொன்னால், எல்லா அமைப்புகளுமே திணறுகிற இடம் இதுதான். எங்களுக்கு வருகிற நன்கொடையில் 2, 4, 6 அளவுகள் குவிந்து கிடக்கும். 18, 20, 22 வேண்டும் என்று ஒரு பெண் வந்தால் ஒரு கம்பியில் பத்துப் பதினைந்துதான் தொங்கும், அதிலும் பாதி அம்மா வயதுக்காரர்கள் கல்யாண வரவேற்புக்குப் போட்டவை. தோழியோடு வந்த பெண்ணைப் பார்த்திருக்கிறேன், தோழி நாற்பது கவுன்களில் தேடிக்கொண்டிருக்க இவள் மூன்றைப் பார்த்துவிட்டு "பரவாயில்லை ஆன்ட்டி, நான் வரலை" என்பாள். தேர்ந்தெடுக்கும் சந்தோஷம்தான் இங்கே கொடுக்கிற முக்கியமான பொருள், அது அவளுக்குக் கிடைக்காமல் போகிறது.

அதனால் நாங்கள் இப்போது பண நன்கொடையின் பெரும்பகுதியை 16க்கு மேற்பட்ட அளவுகளில் புதிய கவுன் வாங்கவே ஒதுக்குகிறோம், சீசன் முடிந்து கடைகள் விலையைக் குறைக்கும் ஜூன், ஜூலையில் வாங்கி வைத்துவிடுவோம். உங்களிடம் பெரிய அளவில் நல்ல கவுன் இருந்தால், தயவுசெய்து, அதை முதலில் கொடுங்கள்.

ஆல்டர் பண்ண எவ்வளவு ஆகும்? எதை ஆல்டர் பண்ண முடியும்?

கவுன் இலவசமாக வாங்கிவிட்டு ஆல்டரேஷனுக்கு 120 டாலர் கொடுத்த கதைகள் உண்டு, அதனால் எடுக்கும்போதே யோசிக்க வேண்டும். பிடிப்பது சுலபம், விடுவது கஷ்டம். நம் ஊர் டெய்லர் ரவிக்கையின் உள்ளே தாராளமாகத் துணி விட்டு வைப்பார், ஆயத்த கவுனில் அதை எதிர்பார்க்க முடியாது. ஆகவே உடம்பின் அகலமான இடத்துக்குப் பொருந்துகிற அளவை எடுத்துவிட்டு மற்ற இடங்களைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

நீளம் குறைப்பதில் துணியைப் பார்க்க வேண்டும். ஒற்றை அடுக்கு ஷிஃபான், சாட்டின் என்றால் சுலபமாக மடித்துத் தைத்துவிடலாம். ஐந்து அடுக்கு வலைத்துணி என்றால் ஒவ்வொரு அடுக்கையும் தனித்தனியாக வெட்ட வேண்டும். உடல் முழுக்கச் சமிக்கி என்றால் தைக்கும் கோட்டில் இருக்கும் சமிக்கிகளைக் கையால் எடுத்துவிட்டுத் தைத்து, மறுபடி கையால் ஒட்டவோ கோர்க்கவோ வேண்டும். கூலி அங்கேதான் ஏறும். முதுகில் ஜிப்புக்குப் பதில் கயிறு கோர்த்துக் கட்டுகிற கவுன் கிடைத்தால் விடாதீர்கள், ஒன்றிரண்டு அளவு முன்னே பின்னே இருந்தாலும் இழுத்துக் கட்டிச் சரிசெய்துகொள்ளலாம். ஜிப் ஏறாத கவுனையும் அப்படிக் கயிறு வைத்து மாற்றித் தர முடியும், நடுவில் தெரிகிற இடத்துக்கு ஒரு துண்டுத் துணி வைத்துவிடுவார்கள்.

வீட்டில் தையல் மெஷின் வைத்து நம்மவர்களுக்கு ரவிக்கை தைத்துக் கொடுக்கும் அக்காக்கள் உங்கள் ஊரில் இருப்பார்கள், அவர்களிடம் கேளுங்கள். அவர்களில் ஒருவர் எங்கள் அமைப்புக்கு வந்த பிறகுதான் தையல் மூலை என்று ஒன்றே எங்களிடம் உருவானது.

கை வைத்த, முதுகு மூடிய உடை கிடைக்குமா?

கிடைக்கும், ஆனால் குறைவு. முன்பதிவு செய்யும்போதே சொல்லிவிட்டால் எடுத்து வைப்போம். ஹிஜாப் அணியும் மாணவிகள் எங்களிடம் வருகிறார்கள், கவுனுக்குள் முழுக்கை மேல்சட்டை போடுவது, மேலே குட்டை ஜாக்கெட் போடுவது, அதே நிறத்தில் கைத்துணி சேர்த்துத் தைப்பது என்று ஏதாவது ஒரு வழி செய்துவிடலாம். அப்பாவுக்காக இதைக் கேட்கிறாளா தனக்காகக் கேட்கிறாளா என்று ஆராய்வது எங்கள் வேலை இல்லை.

பையன்களுக்கு?

சூட், டக்சிடோ தரும் அமைப்புகள் குறைவு. டக்சிடோவை நிறைய பேர் வாடகைக்கு எடுத்துத் திருப்பிக் கொடுத்துவிடுவதால் நன்கொடையாக வருவதே அபூர்வம். அலுவலக சூட் இரண்டு மூன்று சும்மா கிடந்தால் கொடுங்கள். கறுப்பு சூட், வெள்ளைச் சட்டை, ஒரு பௌ டை, போதும்.

கவுனைத் திருப்பித் தரணுமா?

பெரும்பாலான இடங்களில் வேண்டாம், அவளுடையதுதான். சில இடங்கள் நூலகம் மாதிரி இரவல் முறையில் நடக்கின்றன. வைத்துக்கொள்ளலாம் என்றாலும் நிறைய பெண்கள் அடுத்த வருடம் தாங்களாகவே கொண்டு வந்து கொடுத்துவிடுகிறார்கள். அவர்களிலேயே சிலர் தன்னார்வலராகவும் வந்து நிற்பார்கள், எங்களில் யாரைவிடவும் அவர்கள்தான் இந்த வேலையை நன்றாகச் செய்கிறார்கள்.

அடுத்தவர் போட்ட துணியைப் பிள்ளைக்குக் கொடுக்கக்கூடாது என்கிறார் மாமியார்.

விலைச்சீட்டுகூடக் கழற்றாத புது கவுன்களும் வருகின்றன, கடைகள் விற்காமல் போனதைக் கொடுப்பதுண்டு. அதைக் கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள். மற்றவையும் சுத்தம் செய்து ஆவி பிடித்துத்தான் வைக்கிறோம், பெரும்பாலும் ஒரே ஒரு இரவு போட்டவை. மாமியாரிடம் என்ன சொல்வது என்பது உங்கள் பாடு.

பள்ளியில் யாருக்காவது தெரிந்துவிடுமோ என்று மகள் பயப்படுகிறாள். அதே கவுனைக் கொடுத்த பெண் அவள் வகுப்பிலேயே இருந்தால்?

நியாயமான பயம். அதனால்தான் நாங்கள் ஒவ்வொரு கவுனிலும் எந்த ஊரிலிருந்து வந்தது என்று உள்பக்கம் ஒரு சின்னக் குறி வைப்போம், அந்த ஊர்ப் பள்ளி மாணவி அதை எடுத்தால் தன்னார்வலர் மெதுவாகச் சொல்லிவிடுவார். பக்கத்து மாவட்ட அமைப்புகளோடு கவுன்களை மாற்றிக்கொள்வதும் உண்டு. மாணவிகளின் படத்தை எங்கும் போட மாட்டோம். நன்றி சொல்லி வீடியோ எடுத்துத் தரச் சொல்கிற அமைப்பாக இருந்தால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள், உடை கொடுத்ததற்கு முகத்தை வாங்கிக்கொள்வது அது.

ஜோடி இல்லாமல் போகலாமா?

போகலாம். தோழிகள் கும்பலாகப் போவது ரொம்ப சகஜம்.

கவுன் கொடுக்க விரும்புகிறேன். எதைக் கொடுக்கலாம்?

கடந்த நாலைந்து வருடங்களுக்குள் வாங்கியது, ஜிப் வேலை செய்வது, அக்குளில் கறை இல்லாதது, கீழ் ஓரம் கிழியாதது. ஒரே சோதனைதான்: உங்கள் சொந்த மகளுக்கு இதைப் போட்டு அனுப்புவீர்களா? கல்யாணத் தோழி உடைகளை வாங்கிக்கொள்வோம். கல்யாண கவுன், 1990களின் பஃப் கை உடை, பாசிப்பருப்பு மாதிரி மணி உதிர்ந்துகொண்டே இருக்கும் கவுன் வேண்டாம். டிரைகிளீன் செய்து ஹேங்கரில் கொடுத்தால் புண்ணியம். மணி வேலைப்பாடு கனமாக இருந்தால் தொங்கவிடாமல் மடித்துத் தட்டையாக வைத்துக் கொடுங்கள், தொங்கினால் தோள் பட்டை இழுத்துக் கிழிந்துவிடும்.

லெஹங்கா கொடுக்கலாமா என்று நிறைய பேர் கேட்கிறீர்கள். கொடுக்கலாம், எங்களிடம் ஒரு சின்ன வரிசை அதற்கென்றே இருக்கிறது, இந்தியப் பெண்கள் மட்டுமில்லாமல் மற்றவர்களும் ஆசையாக எடுக்கிறார்கள். பாவாடைக்கு நாடா இருப்பதால் இடுப்பு அளவுப் பிரச்சினை கிடையாது, ரவிக்கையைத்தான் சரி செய்ய வேண்டும். துப்பட்டாவுக்கு இரண்டு ஊக்கு சேர்த்துக் கொடுங்கள். பட்டுப்புடவை வேண்டாம், ஆடும்போது அதைச் சமாளிக்க ஆள் கூடவே போக முடியாது.

வரிவிலக்கு உண்டா?

பதிவு பெற்ற 501சி3 அமைப்பாக, அதாவது வரித்துறை அங்கீகரித்த தொண்டு அமைப்பாக இருந்தால், நீங்கள் வரிக் கணக்கில் கழிவுகளைத் தனித்தனியாகக் காட்டுபவராகவும் இருந்தால், உண்டு. உடை நல்ல நிலையில் இருக்க வேண்டும். ரசீதில் நாங்கள் விலை போட மாட்டோம், இன்றைக்கு விற்றால் என்ன கிடைக்கும் என்று மதிப்பிடுவது உங்கள் பொறுப்பு. 250 டாலரோ அதற்கு மேலோ என்றால் அமைப்பின் எழுத்துபூர்வ ஒப்புகை வேண்டும், பொருளாகக் கொடுத்தவை மொத்தம் 500 டாலரைத் தாண்டினால் படிவம் 8283. தனித்தனியாகக் காட்டாமல் பொதுவான நிலையான கழிவு எடுப்பவர்களுக்கு, அதாவது நம்மில் பெரும்பாலானவர்களுக்கு, பழைய கவுனால் வரியில் ஒரு காசு குறையாது.

எச்4 விசாவில் (வேலை விசாக்காரரின் குடும்பத்துக்கான விசா) இருக்கிறேன். தன்னார்வலராக வரலாமா?

வரலாம். சம்பளமோ வேறு பிரதிபலனோ வாங்காமல், வழக்கமாகவே தன்னார்வலர்கள் செய்கிற வேலையைச் செய்வதற்குத் தடை இல்லை. 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகளோடு பழகுவதால் பின்புலச் சோதனை கேட்கும் அமைப்புகள் உண்டு.

தன்னார்வலராக வந்தால் என்ன பேசலாம், என்ன பேசக்கூடாது?

"எந்த நிறம் பிடிக்கும்?" "உட்கார்ந்து பாரு, மூச்சு விட முடிகிறதா?" "கையைத் தூக்கு." இவை போதும். அப்பா என்ன வேலை, வீடு எங்கே, ஏன் கடையில் வாங்கவில்லை, எதுவும் கேட்காதீர்கள். உடம்பைப் பற்றி வாயே திறக்காதீர்கள், கவுன் சரியில்லை என்றால் கவுனைக் குறை சொல்லுங்கள், "இந்த வெட்டு சரியில்லை, வேறு பார்ப்போம்." "உன் கலருக்கு இது எடுக்காது" என்ற வாக்கியம் நம்மிடம் தானாக வந்துவிடும், அதை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள். "ஃப்ரீயா கிடைக்கிறதுல இது எவ்வளவு நல்லா இருக்கு பாரு" என்று ஒருவர் அன்பாகத்தான் சொன்னார், அந்தப் பெண் அதற்கப்புறம் எந்தக் கவுனையும் ஆசையாகத் தொடவில்லை.

அவளுக்கு எதுவுமே பிடிக்கவில்லை என்றால் வெறுங்கையோடு போக விடுங்கள். கடையில் அப்படி வெளியே வருவதில்லையா நாம்?

சாப்பாட்டுக்கே கஷ்டப்படும் குடும்பங்கள் இருக்கும்போது கவுனுக்குச் செலவழிப்பது சரியா?

இந்தக் கேள்வியை எரிச்சல் இல்லாமல் கேட்பவர்களுக்காக இந்தப் பதில். உணவு வங்கிக்குக் கொடுக்கிற பணத்தை நிறுத்திவிட்டு எங்களுக்குக் கொடுங்கள் என்று யாரும் கேட்கவில்லை. எங்களுக்கு வருவதில் முக்கால்வாசி, அலமாரியில் ஒரு முறை போட்டுத் தொங்கவிட்ட துணி. அது யாருடைய தட்டிலும் சோறாகப் போவதில்லை.

அதைவிட முக்கியமானது ஒன்று. தீபாவளிக்கு வீட்டில் கஷ்டம் என்றாலும் பிள்ளைகளுக்கு மட்டும் எப்படியாவது ஒரு புதுத்துணி எடுத்துவிடுகிற அப்பாக்களை நமக்குத் தெரியும். அந்தத் துணி பசியைத் தீர்க்காது என்று அவருக்கும் தெரியும். காலையில் தெருவில் எல்லாப் பிள்ளைகளும் நிற்கும்போது தன் பிள்ளை உள்ளே ஒளிந்துகொண்டு இருக்கக்கூடாது, அதற்காக எடுத்தார். ப்ராமும் அதே விவகாரம்தான். உடை இல்லாத பெண் "எனக்கு இதில் ஆர்வம் இல்லை" என்று சொல்லிவிட்டு வீட்டில் இருந்துவிடுவாள், யாருக்கும் காரணம் தெரியாது, பெற்றோருக்குக்கூட. 17 வயதில் "எனக்கு வேண்டாம்" என்று பொய் சொல்லப் பழகுகிற பெண்கள் எவ்வளவு பேர் என்று இந்த வேலைக்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

ப்ராம் செலவே குறைய வேண்டும் என்று நீங்கள் வாதாடினால் நானும் உங்கள் பக்கம்தான். லிமோ, ஓட்டல் ஹால் எல்லாவற்றையும் விட்டுப் பள்ளி ஜிம்முக்கே திரும்பினால் நல்லது. அது நடக்கும்வரை இந்த வருடம் 12ஆம் வகுப்பில் இருக்கிறவள் காத்திருக்க முடியாது.

அமெரிக்காவுக்கு வெளியே?

இங்கிலாந்தில் 16 வயதில் ஜிசிஎஸ்இ தேர்வு முடிந்ததும் கோடையில் ப்ராம் நடக்கிறது, அங்கும் தொண்டு நிறுவனக் கடைகளில் ப்ராம் உடைகள் குறைந்த விலைக்குக் கிடைக்கும். கனடாவில் 12ஆம் வகுப்பு முடிவில், அங்கும் இப்படி உதவும் அமைப்புகள் இருக்கின்றன. பள்ளி கவுன்சிலரிடம் கேட்பதுதான் எல்லா நாட்டிலும் குறுக்கு வழி.

எங்கள் ஊரில் நாங்களே ஆரம்பிக்கலாமா?

ஆரம்பிக்கலாம், ஆனால் முதலில் பக்கத்தில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதன் கிளையாகச் சேர்வது புத்திசாலித்தனம். வரிவிலக்குப் பதிவுக்கு வருட வரவு 50,000 டாலருக்குள் இருக்கும் என்றால் 1023-இஇசட் என்ற சின்னப் படிவம் உண்டு, கட்டணம் 275 டாலர். அதற்குக்கூடப் பொறுமை இல்லை என்றால் ஊர்த் தமிழ்ச் சங்கமோ கோயிலோ நூலகமோ ஏற்கெனவே பதிவு பெற்றிருக்கும், அவர்கள் குடையின் கீழ் ஒரு வருடம் நடத்திப் பாருங்கள்.

பணம் எங்கே போகும் என்று சொல்கிறேன். துணிக்கம்பிகளை மலிவாக வாங்காதீர்கள், முப்பது கவுன் மாட்டினால் வளைந்து விழும், சமிக்கி கவுன் ஒவ்வொன்றும் அவ்வளவு கனம். ஆளுயரக் கண்ணாடி குறைந்தது நான்கு வேண்டும். கையில் பிடிக்கிற ஆவி இஸ்திரி இரண்டு. உடை மாற்றும் இடத்துக்குத் திரைச்சீலை நன்றாகக் கனமாக, பின் வெளிச்சத்தில் உருவம் தெரியாதபடி. கவுன் சேகரிப்பை அக்டோபரில், பள்ளிகளில் இலையுதிர் காலத்தில் நடக்கும் ஹோம்கமிங் நடனம் முடிந்த கையோடு ஆரம்பித்தால் ஜனவரிக்குள் போதுமானது சேரும். ஜனவரி முழுக்கப் பிரிக்கவும் தைக்கவும் தேவைப்படும், அதைக் குறைத்து மதிப்பிடாதவர்கள் யாருமில்லை.

சீசன் முடிந்து மிஞ்சுவதில் நல்லதை அடுத்த வருடத்துக்கு வையுங்கள், பிளாஸ்டிக் உறையில் வேண்டாம், பருத்தித் துணி உறையில். மற்றதைப் பள்ளி நாடகக் குழுக்களுக்குக் கொடுத்தால் சந்தோஷமாக வாங்கிக்கொள்வார்கள். பஃப் கை உடைகளை அவர்கள் தேடி வந்தே எடுத்துப் போவார்கள்.